விம்பிள்டன் கால்பந்து: ஒரு பழைய ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்து என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் என்றுதான் தொடங்குவார்கள். நான் விம்பிள்டன் என்றதும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். கோவிலில், கல்யாண வீட்டில், சென்னையிலிருந்து வரும் போனில் என்று எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே கேள்விகள். என் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சிலவற்றில் கோபம் இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விம்பிள்டன் என்றால் டென்னிஸ்தானே?

விம்பிள்டன் தென்மேற்கு லண்டனில் ஒரு பேட்டை. அதில் டென்னிஸ் மேட்டுப் பக்கம். கால்பந்து கிழக்கே, வாண்டில் ஆறு ஓடும் பள்ளத்தில், ப்ளவ் லேன் என்ற தெருவில். 1889இல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் தொடங்கிய கிளப் இது. 1912இல் ப்ளவ் லேனுக்கு வந்தது. 1977 வரை, நாட்டின் மேல் நான்கு டிவிஷன்களைக் கொண்ட தேசிய லீக்கில் இடமே கிடைக்காமல், பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடியவர்களின் அணி. டென்னிஸ் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு ஆகஸ்டில் தொடங்கினால் மே மாதம்வரை ஓயாது.

இவ்வளவு பெரிய அணிகள் இருக்கும்போது இதை ஏன் பிடித்தீர்கள்?

பக்கத்தில் இருந்ததால்தான். எண்பதுகளில் டூட்டிங்கில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ப்ளவ் லேன் நடந்து போகிற தூரம். எஃப்ரா ரோட்டில் 1981இல் திறந்த பிள்ளையார் கோவிலும் அதே வட்டாரம். வார இறுதியில் அம்மாவுக்குக் கோவில், எனக்கும் மாமாவுக்கும் மைதானம். மாமாவுக்கு ஊரிலேயே பந்தாட்டப் பைத்தியம் உண்டு. லண்டனில் எந்த அணி பெரியது என்றெல்லாம் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. "நாம இருக்கிற இடத்து டீம் எதுடா?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நம் நிறத்து ஆட்கள் கால்பந்து மைதானத்துக்குப் போவது லேசான விஷயமில்லை. பல மைதானங்களில் கறுப்பின வீரர்கள் மீது வாழைப்பழம் வீசினார்கள், குரங்குச் சத்தம் போட்டார்கள். இனவெறிக் கட்சிக்காரர்கள் வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வெளியூர் ஆட்டம் என்றால் அப்பா விடவே மாட்டார். ப்ளவ் லேனில் கூட்டம் குறைவு. இரண்டு மூன்று முறை போனால் முகங்கள் பழகிவிடும். படிகளில் எங்களுக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் பெரியவர் ஒருவர், எனக்கு ஆட்டம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சற்று ஒதுங்கி நிற்பார். அவர் பெயர்கூடத் தெரியாது. நான் இந்த அணியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

1988 இறுதியாட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது?

மே 14, லண்டனின் பழைய வெம்பிளி மைதானம், எஃப்.ஏ. கப் இறுதி. பெரிய அணி, சின்ன அணி எல்லாம் மோதும், தோற்றால் வெளியேற வேண்டிய கோப்பைப் போட்டி அது. எதிரே லிவர்பூல். அந்த ஆண்டின் லீக் சாம்பியன் அவர்கள்தான். பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்ட்ரிஜ் என்று பெயரைக் கேட்டாலே பயம் வரும். நாங்கள் லீக்கில் சேர்ந்தே 11 வருடம்தான் ஆகியிருந்தது. 1983இல்கூட நான்காம் டிவிஷனில் இருந்தோம்.

ஆட்டத்தின் முதல் பாதியில் பியர்ட்ஸ்லி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். ஆனால் அதற்குள் அவரை எங்கள் ஆள் தடுத்ததற்காக நடுவர் விசில் ஊதிவிட்டார். கோல் இல்லை, வெறும் ஃப்ரீ கிக். லிவர்பூல் ரசிகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில், 37ஆம் நிமிடம், டென்னிஸ் வைஸ் இடது பக்கத்திலிருந்து ஃப்ரீ கிக்கை வளைத்து அனுப்ப, லாரி சான்செஸ் தலையால் தட்டினார். 1-0.

இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ஜான் ஆல்ட்ரிஜ். அந்த சீசனில் அதுவரை ஒரு பெனால்டியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எங்கள் கோல்கீப்பரும் கேப்டனுமான டேவ் பெஸண்ட் இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தள்ளிவிட்டார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கப் இறுதிகளில் ஒரு கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்தது அதுவே முதல் தடவை. வெம்பிளியில் கோல்கீப்பர் ஒருவர் கேப்டனாக அந்தக் கோப்பையை வாங்கியதும் அதுவே முதல் தடவை. கொடுத்தவர் இளவரசி டயானா.

எங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார இடமில்லை. கால்பந்து பற்றி ஒன்றுமே தெரியாத பக்கத்து வீட்டு ஆச்சிகூட வந்து, பெனால்டி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி விசில் வந்ததும் மாமா தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டு வெள்ளைக்காரரும் ஓடி வந்தார். அதுவரை இருவரும் "குட் மார்னிங்" தவிர எதுவும் பேசியதில்லை. அன்றைக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு குறை உண்டு. எஃப்.ஏ. கப் வென்றால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் ஆட வேண்டும். பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் 1985இல் ரசிகர் கலவரத்தில் நடந்த சாவுகளுக்குப் பிறகு இங்கிலாந்து அணிகளுக்கு ஐரோப்பாவில் தடை இருந்தது. எங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அப்படியே போயிற்று.

அந்த அணியை முரட்டு அணி என்பார்களே, உண்மையா?

உண்மை. டேவ் பாஸெட் மேனேஜராக இருந்து வளர்த்த அணி அது. பின்னாலிருந்து பந்தை நீளமாக அடிப்பார்கள், ஜான் ஃபஷானு மேலே எழும்பி மோதுவார், சிதறி விழும் பந்துக்கு எல்லோரும் ஓடுவார்கள். கட்டட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்த வின்னி ஜோன்ஸ் நடுக்களத்தில் நின்றார். பத்திரிகைகள் "கிரேஸி கேங்" என்று பெயர் வைத்தன. பணமில்லாத அணி தன்னிடம் இருப்பதை வைத்து ஆடியது, அதில் எந்தக் குற்றமும் எனக்குத் தெரியவில்லை. சான்செஸும் வைஸும் பந்தை நன்றாகவே கையாளத் தெரிந்தவர்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் புதிதாக வந்தவர்களைச் சீண்டியதும் வதைத்ததும் வேடிக்கை என்று எழுதப்படுகிறது. அதை ரசிக்க என்னால் முடியாது.

அப்படியிருக்க ப்ளவ் லேனை ஏன் விட்டுப் போனார்கள்?

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள், மொத்தம் 97 பேர். கால்பந்து பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. தவறு ரசிகர்கள்மீது சுமத்தப்பட்டது. அது பொய் என்று நிரூபிக்க அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. எந்த அணியின் ரசிகனாக இருந்தாலும் அந்தக் குடும்பங்களை மறக்கக் கூடாது.

அதைத் தொடர்ந்து, அந்தச் சாவுகளை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை வந்தது. மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. சரியான முடிவுதான். ப்ளவ் லேனோ பழைய, சின்ன மைதானம். அதைப் புதுப்பிப்பதற்குப் பதில், 1991இல் கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பிறகு பழைய இடம் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் பிரீமியர் லீக் ஆட்டங்களைக்கூட வேறொருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தது போலத்தான் இருந்தது.

மில்டன் கீன்ஸ் விவகாரம் என்பது என்ன?

அமெரிக்காவில் அணிகள் ஊர் மாறுவது சாதாரணம். இங்கிலாந்தில் அப்படி நடப்பதில்லை. இங்கே கிளப் என்றால் ஊர்தான். பர்ன்லி, பார்ன்ஸ்லி, கிரிம்ஸ்பி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே அணியைச் சொன்னதாகும்.

2000இல் நாங்கள் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கினோம். நாளைப் பாருங்கள், அதுவும் மே 14. அடுத்த ஆண்டே, சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கிளப்பைக் கொண்டு போவதாக நிர்வாகம் அறிவித்தது. அது அறுபதுகளில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட புது நகரம். பெரிய லீக் அணி எதுவும் அங்கே இல்லை. தாங்களாகவே ஓர் அணியைத் தொடங்கிக் கீழிருந்து ஏறி வரலாம், எல்லா ஊரும் அப்படித்தான் செய்தது. அதற்குப் பதில் எங்கள் இடத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

லீக் முதலில் மறுத்தது. மேல்முறையீடு, மத்தியஸ்தம் என்று இழுத்து, கடைசியில் கால்பந்து சங்கம் நியமித்த மூவர் குழு 2002 மே 28 அன்று 2-க்கு 1 என்ற கணக்கில் அனுமதி கொடுத்துவிட்டது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்கி அடியிலிருந்து வரலாமே என்ற யோசனைக்கு அந்தக் குழு எழுதிய பதில்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பேட்டையில் இருந்த ஒரு கிளப்பைப் பெயர்த்தெடுப்பது நலன், அதை அங்கேயே வைத்துக் காப்பாற்றுவது நலனல்ல என்று தீர்ப்பு. அன்று மாமா செய்தியைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கழுத்துத் துண்டை மடித்து அலமாரியில் வைத்தார். சாவு வீடு மாதிரி இருந்தது.

கிளப் 2003 செப்டம்பரில் அங்கே போய் ஆடத் தொடங்கியது. 2004இல் பெயரையும் எம்.கே. டான்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். டான்ஸ் என்பது எங்கள் செல்லப் பெயர்.

சரி, கிளப் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரண்டே நாளில், மே 30 அன்று, விம்பிள்டன் சமூக நிலையத்தில் ரசிகர்கள் கூடினார்கள். வழக்கு, போராட்டம், ஊர்வலம் என்று ஒரு வருடம் ஓடிக் களைத்த கூட்டம். இனிப் போராட்டம் வேண்டாம், கால்பந்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. சொந்தமாக ஒரு கிளப். பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன்.

வீரர்கள்? விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் ஜூன் மாதக் கடைசியில் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். 230 பேர் வந்தார்கள். பூட்ஸ் போட்டு வந்தவர்களில் தபால்காரர் முதல் மாணவர்வரை எல்லா வகையினரும் இருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 1889இல் தொடங்கியவர்களும் இப்படிப் பொதுத் திடலில்தானே தொடங்கியிருப்பார்கள்.

முதல் ஆட்டம் ஜூலை 10, சட்டன் யுனைடெட் மைதானத்தில் நட்பு ஆட்டம். 4-0 என்று தோற்றோம். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கூட்டம் அடங்காமல் ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கினார்கள். கடைசி விசில் வந்ததும் தோற்ற அணியின் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். பக்கத்தில் இருந்த சட்டன்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, "நீங்கள் தோற்றீர்கள், தெரியுமா?" என்றார். தெரியும். தோற்பதற்கு ஓர் அணி இருக்கிறதே என்ற சந்தோஷத்தை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆகஸ்டில் லீக். கம்பைண்டு கவுன்டீஸ் லீக், இங்கிலாந்துக் கால்பந்து ஏணியில் ஒன்பதாம் படி. சாண்ட்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊரில் முதல் ஆட்டம், 2-1 வெற்றி. வழக்கமாகச் சில பத்துப் பேர் பார்க்கும் மைதானங்களுக்கு ஆயிரக்கணக்கில் போய் இறங்கினோம். தேநீர்க் கடையில் ரொட்டி தீர்ந்துவிடும், அந்த ஊர் அம்மாக்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வருவார்கள். எந்த ஊரிலும் எங்களை யாரும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை. பிரீமியர் லீக் காலத்தில்கூட நான் கால்பந்தை அவ்வளவு ரசித்ததில்லை.

78 ஆட்டம் தோற்கவில்லை என்கிறார்களே?

ஆம். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர்வரை லீக்கில் தொடர்ந்து 78 ஆட்டங்கள். இங்கிலாந்தின் சீனியர் கால்பந்தில் அது சாதனை. எங்கள் பலம் அந்தப் படிகளுக்கு அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உண்மையான போராட்டம் அதற்குப் பிறகு வந்தது.

தேசிய லீக்குக்கு எப்போது திரும்பினீர்கள்?

2011 மே 21, மான்செஸ்டர் சிட்டி மைதானம். லூட்டனுடன், மேலேறும் கடைசி இடத்துக்கான ப்ளே-ஆஃப் இறுதி. கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் கோல்கீப்பர் செப் பிரௌன் இரண்டைத் தடுத்தார். அவரே சின்ன வயதிலிருந்து விம்பிள்டன் ரசிகர். கடைசிப் பெனால்டியை அடித்தவர் கேப்டன் டேனி கெட்வெல். ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி லீக்குக்கு வந்துவிட்டோம். மூவர் குழு சொன்ன "பரந்த நலன்" அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

2016இல் வெம்பிளியில் பிளிமத்தை 2-0 என்று வென்று மூன்றாம் படிக்குப் போனோம். அதில் கடைசி நிமிடப் பெனால்டியை அடித்தவர் அடேபாயோ அகின்ஃபென்வா, இங்கிலாந்துக் கால்பந்தின் பெரிய உடல்காரர், அதைவிடப் பெரிய மனசுக்காரர்.

எம்.கே. டான்ஸை இன்னும் வெறுக்கிறீர்களா?

அந்தக் கிளப் பிறந்த விதத்தை வெறுக்கிறேன், அது மாறாது. அங்கே போய் ஆட்டம் பார்க்கும் பதினைந்து வயதுப் பையனை நான் எதற்கு வெறுக்க வேண்டும்? அவனுக்கு அது அவன் ஊர் அணி. பழைய கோப்பைகளும் நினைவுச் சின்னங்களும் 2007இல் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகரசபைக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அது நல்ல காரியம்.

முதல் முறை மோதியது 2012 டிசம்பரில், எஃப்.ஏ. கப்பில், அவர்கள் மைதானத்தில். போவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. நான் போகவில்லை, மாமா போனார். ஜாக் மிட்சன் தலையால் அடித்துச் சமன் செய்தபோது அவர் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் தாண்டியபின் விழுந்த ஒரு குதிகால் கோலில் 2-1 என்று தோற்றோம். 2014இல் ஒரு கோப்பை ஆட்டத்தில் அதே மைதானத்தில் 3-2 என்று வென்றோம். எனக்குப் பிடித்தது 2024 மார்ச் 2. எங்கள் மைதானம், அதுவரை கோலில்லாத ஆட்டம், 94ஆம் நிமிடம், ரோனன் கர்டிஸ் கோல். அந்தச் சத்தத்தை விவரிக்க மாட்டேன், முடியாது.

ரசிகர்களே முதலாளி என்றால் நடைமுறையில் எப்படி?

டான்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில்தான் கிளப்பின் கட்டுப்பாடு. சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. கோடீஸ்வரனுக்கும் ஒன்று, ஓய்வூதியம் வாங்கும் பாட்டிக்கும் ஒன்று. கூட்டங்கள் நீளும், வாக்குவாதம் வரும், மின்னஞ்சல்கள் பறக்கும். பணக்கார முதலாளி இருக்கும் அணியைப் போல நினைத்தவுடன் ஆள் வாங்க முடியாது. 2022இல் 27 ஆட்டம் தொடர்ந்து வெற்றியில்லாமல் கீழிறங்கினோம். அந்த மாதிரிச் சமயத்தில், விற்றுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். என் பதில் ஒன்றுதான். விற்றால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒரு முறை பார்த்துவிட்டோம்.

ப்ளவ் லேனில் புது மைதானம் கட்டும்போது பணம் பற்றாமல் போனது. ரசிகர்கள் கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி, ஆடுகளம் பிளந்து குழியானது. நியூகாஸில் அணியுடன் நடக்கவிருந்த கோப்பை ஆட்டத்தை அவர்கள் ஊருக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அப்போதும் முதலில் கை நீட்டியது ரசிகர்கள்தான், வேறு அணிகளின் ரசிகர்களும் சேர்ந்து.

எங்கள் கதையில் எனக்கு உறுத்தும் இடமும் ஒன்று இருக்கிறது. இடையில் நாங்கள் ஆடிய கிங்ஸ்மெடோ மைதானம் கிங்ஸ்டோனியன் என்ற அணியின் வீடு. பண நெருக்கடியில் அது அவர்கள் கையை விட்டுப் போய், பிறகு எங்களிடம் வந்தது. அவர்கள் எங்களுக்குக் குடித்தனக்காரர் ஆனார்கள். ப்ளவ் லேனுக்காக நாங்கள் அதைச் செல்ஸிக்கு விற்றோம். இப்போது அங்கே செல்ஸி பெண்கள் அணி ஆடுகிறது. கிங்ஸ்டோனியன் 2017இல் வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்த வலி தெரிந்த நாம் அவர்களுக்கு இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று டிரஸ்ட் கூட்டத்திலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

ப்ளவ் லேனுக்குத் திரும்பிய நாள் எப்படி இருந்தது?

2020 நவம்பர் 3, டான்காஸ்டருடன் 2-2. கொரோனா காலம், உள்ளே ரசிகர்கள் யாருமில்லை. இருபத்தொன்பது வருடம் காத்திருந்த ஆட்டத்தை வீட்டில் கணினித் திரையில் பார்த்தோம். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கட்டடங்களுக்கு எங்கள் பழைய வீரர்கள், மேனேஜர்களின் பெயர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முன்பு நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில் புது மைதானம். சுமார் 9,000 பேர் பார்க்கலாம். மாமா அதற்கு முந்தின ஆண்டு காலமாகிவிட்டார்.

பிரீமியர் லீக் பார்ப்பதே இல்லையா?

பார்ப்பேன். ஆட்டத்தின் தரம் உலகிலேயே உயர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். எனக்குக் கசப்பது மூன்று விஷயம். ஒன்று டிக்கெட் விலை. ஒரு தொழிலாளி தன் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாத ஆட்டம் யாருக்காக நடக்கிறது? இரண்டாவது, 2019இல் வந்த வீடியோ நடுவர் முறை. கோல் விழுந்தவுடன் கத்துவதற்குப் பதில் திரையைப் பார்த்துக் காத்திருக்க வைத்துவிட்டார்கள். ஆஃப்சைடு கோடு துல்லியமாக இருக்கலாம், அதற்குக் கொடுத்த விலை அதிகம். எங்கள் டிவிஷனில் அது இல்லை, கோல் என்றால் கோல். மூன்றாவது, 2021 ஏப்ரலில் ஆறு பெரிய இங்கிலாந்து அணிகள் தனியாக ஒரு சூப்பர் லீக் அமைக்கப் பார்த்தது. அவர்களுடைய சொந்த ரசிகர்களே வாசலில் திரண்டு நின்று இரண்டு மூன்று நாளில் அதைக் கவிழ்த்தார்கள். இந்த நாட்டின் கால்பந்தில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாட்களில் அவையும் சேரும்.

இந்தியாவில் இருப்பவர்கள் சனிக்கிழமை மாலையில் பார்க்கும் மூன்று மணி ஆட்டங்களை இங்கே டிவியில் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது தெரியுமா? மக்கள் வீட்டில் உட்காராமல் பக்கத்து ஊர் மைதானத்துக்குப் போகட்டும் என்பதற்காக. அந்த விதியை எடுத்துவிட்டால் சின்னக் கிளப்புகள் பல தாங்காது.

எஃப்.ஏ. கப்பில் ரீப்ளேயை நிறுத்தியது சரியா?

தவறு. சமனில் முடிந்தால் மற்றவர் மைதானத்தில் மறுபடி ஆடும் அந்த முறையை 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று தொடங்கி நிறுத்திவிட்டார்கள். பெரிய அணிகளுக்கு ஆட்டம் அதிகமாம். 1975இல் நாங்கள் லீக்கில்கூட இல்லாத அணி. பர்ன்லியை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தி, அப்புறம் நடப்புச் சாம்பியன் லீட்ஸுடன் அவர்கள் ஊரில் 0-0. லீட்ஸின் லோரிமர் அடித்த பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் டிக்கி கய் தடுத்தார். ரீப்ளேயில் ஒரு கோலில் தோற்றோம். அந்த ஆட்டங்கள்தான் விம்பிள்டன் என்ற பெயரை நாடு முழுக்கக் கொண்டு போனது. இன்றைய விதியில் லீட்ஸிலேயே அன்றிரவே கதை முடிந்திருக்கும். ஒரு ரீப்ளே வருமானத்தில் ஒரு சின்னக் கிளப் வருடம் முழுக்க ஓடும்.

இனி ஒரு கிளப்பை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

முன்னைவிடக் கடினம். 2019இல் பரி என்ற 1885ஆம் ஆண்டுக் கிளப் கடனில் மூழ்கி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கப்புறம்தான் அரசுக்குச் சூடு பட்டது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்து, தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று உருவானது. மைதானத்தை விற்கவோ கிளப்பை வேறிடம் கொண்டு போகவோ அதன் ஒப்புதல் வேண்டும், ரசிகர்களின் கருத்தையும் கேட்க வேண்டும். 2002இல் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் கிளப் ரசிகர்கள் கையில் இருப்பதைவிடப் பெரிய காவல் எதுவும் இல்லை என்பதே என் எண்ணம்.

தமிழ்ப் பையன்கள் யாராவது இந்த மட்டத்தில் ஆடுகிறார்களா?

விமல் யோகநாதன். வேல்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர், நடுக்கள ஆட்டக்காரர், 2024இல் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்கு ஆடினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று எழுதினார்கள். தெற்கு லண்டன் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், காலில் பந்து ஒட்டிக்கொண்டது போல ஆடும் நம் பிள்ளைகள் எத்தனை பேர். பதினாறு வயதானதும் டியூஷன், தேர்வு என்று பூட்ஸைக் கழற்ற வைத்துவிடுகிறோம். படிப்பு வேண்டும்தான், ஆனால் பையனுக்கோ பெண்ணுக்கோ திறமை இருந்தால் ஒரு கிளப்பின் தேர்வுக்காவது கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் லண்டன் வந்தால் ஆட்டம் பார்க்க முடியுமா?

தாராளமாக. டிக்கெட்டைக் கிளப்பின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், 2025 மே 26 அன்று வால்சாலை 1-0 என்று வென்று மறுபடி மூன்றாம் படிக்கு ஏறிய பிறகு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. டூட்டிங் பிராட்வேயிலிருந்தும் நடக்கலாம், கொஞ்சம் தூரம். மழைக்கு மேல்சட்டை வேண்டும். நிற்கும் பகுதியில் டிக்கெட் எடுத்தால் தொண்ணூறு நிமிடமும் நிற்க வேண்டியிருக்கும், பெரியவர்களோடு வந்தால் இருக்கைப் பக்கம் வாங்குங்கள். ஆட்டம் ஐந்து மணிக்கு முடியும். அப்படியே டூட்டிங் பக்கம் நடந்தால் நம் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆறரைக்கு மேல் போனால் எல்லாவற்றிலும் கூட்டம், அதற்குள் போய் மேசை பிடித்துவிடுங்கள்.